ஊட்டி உயரத்தில் ஓர் இரவு

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவத் தேதி தெரிந்ததும் இங்கே ஒரு வீடு மாதக்கணக்கில் பயணத்துக்குத் தயாராகிறது. விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை நடக்கிறது. பெட்டிக்கு 23 கிலோ என்ற கணக்கில் பிரசவ லேகியமும் பருப்புப்பொடியும் துவைத்து மென்மையான பழைய பருத்திப் புடவைகளும் எடைபோட்டு அடுக்கப்படுகின்றன. மாறிச் செல்லும் விமான நிலையத்தில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று மகன் வரைந்து தந்த படம் கைப்பைக்குள் போகிறது. இத்தனை ஏற்பாட்டிலும் பயணம் செய்யப்போகிற உடம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அப்படிக் கிளம்புகிறவர்களில் பலருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று, முழங்காலுக்குத் தைலம். அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை என்பவர்களும் உண்டு. அவர்களுடைய முதல் பயணமே சென்னையிலிருந்து லண்டன் வழியாகச் சிகாகோவுக்கு, நடுவில் காத்திருப்பதையும் சேர்த்து ஒரு முழு நாளாக அமைந்துவிடுகிறது. அந்த ஒரு நாளுக்குள் உடம்பு கடல்மட்டத்திலிருந்து மலை உயரத்துக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. ஈரமே இல்லாத காற்றைச் சுவாசிக்கிறது. மடக்கிய காலோடு மணிக்கணக்கில் உட்கார்கிறது. கடைசியில் இரவும் பகலும் இடம்மாறிக் கிடக்கும் ஊரில் இறங்குகிறது. பெரும்பாலான உடம்புகள் இவ்வளவையும் தாங்கிக்கொள்ளும். எப்படித் தாங்குகிறது, எங்கே திணறுகிறது என்பது அந்த உடம்புக்குரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த அத்தியாயம், விமானக் கதவு சாத்தப்படும் நிமிடத்திலிருந்து அந்த உடம்பின் கூடவே போகிறது.

விமானம் பறக்கும் 35,000 அடி உயரத்தில், வெளியே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. குளிர் மைனஸ் 54 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். காற்று மெலிந்திருப்பதாலேயே அந்த உயரத்தைத் தேடிப் போகிறார்கள்: தடை குறையும், அதே எரிபொருளில் அதிக தூரம் போகலாம். ஆனால் அந்தக் காற்றை நேரடியாகச் சுவாசித்தால் மனிதருக்குத் தெளிவாக யோசித்துக் கைகால்களை இயக்க 30 முதல் 60 விநாடிகள் வரைதான் அவகாசம். அதற்குள் மூளை ஆக்சிஜன் போதாமல் மங்கிவிடும். பணிப்பெண் செய்துகாட்டும் அந்த மஞ்சள் முகமூடியை முதலில் உங்களுக்கு மாட்டிக்கொண்டு பிறகே பக்கத்தில் உள்ள குழந்தைக்கு மாட்டுங்கள் என்று சொல்வதன் காரணம் இந்த அரை நிமிடக் கணக்கு. குழந்தைக்கு முதலில் மாட்ட முயலும் தாய், பாதியிலேயே நினைவிழந்தால் இருவருக்கும் உதவி இல்லை. முகமூடிக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் இருக்கைக்கு மேலே ஒரு வேதிவினையில் உண்டாகிறது. சுமார் கால் மணி நேரம் வரும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறங்கிவிடுவார். அங்கே முகமூடி தேவைப்படாது.

ஆக, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றை அழுத்தித்தான் தர வேண்டும். பெரும்பாலான விமானங்களில் அந்தக் காற்று எஞ்சினின் அழுத்திப் பகுதியிலிருந்து, எரிபொருள் கலப்பதற்கு முன்னாலேயே பிரித்தெடுக்கப்படுகிறது. கொதிக்கும் சூட்டில் வரும் அதைக் குளிர்வித்து உள்ளே விடுகிறார்கள். போயிங் 787 மட்டும் இதற்கென்று தனி மின் அழுத்திகளை வைத்திருக்கிறது. பயணிகள் பகுதியில் சுழலும் காற்றில் ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்து புதிதாக வருவது. மீதிப் பாதி, நுண்துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவைக்கும் வடிகட்டிகள் வழியாகத் திரும்பி வருவது. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்தக் காற்றும் மாறிவிடும். மூடிய குழாய்க்குள் நூற்றுக்கணக்கானவர்கள் விட்ட மூச்சிலேயே பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று பயப்படுகிறவர்கள் அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

உள்ளே அழுத்தம் தரையில் இருப்பது போலவே முழுதாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் விதி. 8,000 அடி என்றால் 2,438 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது, தொட்டபெட்டா 2,637 மீட்டரில். நீங்கள் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடும்போது உங்கள் நுரையீரலைப் பொறுத்தவரை ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவே எங்கோ இருக்கிறீர்கள். சென்னையிலிருந்து ரயிலும் பேருந்துமாக ஓர் இரவும் ஒரு காலைப்பொழுதும் எடுக்கும் ஏற்றத்தை உடம்பு அரை மணி நேரத்துக்குள் முடித்திருக்கிறது.

ஏன் முழு அழுத்தத்தையே வைத்திருக்கக் கூடாது? உள்ளே அழுத்தம் கூடக்கூட விமானத்தின் உடல் ஊதி விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறை. கம்பியை முன்னும் பின்னுமாக மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிந்துவிடுவது போல, இந்த விரிதலும் சுருங்கலும் உலோகத்தைக் களைப்படையச் செய்கிறது. இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் கொடியது. பிரிட்டனில் தயாரான காமெட், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு முதல் சேவை. இரண்டே ஆண்டுகளில், 1954 ஜனவரியில் ஒன்று இத்தாலியின் எல்பா தீவருகே வானிலேயே உடைந்து கடலில் விழுந்தது. ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. யாரும் பிழைக்கவில்லை. ஃபார்ன்பரோவில் இருந்த ஆய்வு மையத்தில் ஒரு காமெட்டின் உடலை முழுதாகப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே நீரை ஏற்றியும் இறக்கியும், ஆயிரக்கணக்கான பயணங்களின் அழுத்த மாற்றத்தைச் சில வாரங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். அது ஏற்கெனவே பறந்த பயணங்களையும் சேர்த்துச் சுமார் 3,000 சுற்றில், திறப்பு ஒன்றின் மூலையில் தொடங்கிய விரிசல் உடலைக் கிழித்தது. வெட்டப்பட்ட மூலைகளில் இழுவிசை குவிந்து, அங்கே களைப்பு முதலில் தாக்குகிறது என்பது அப்போது வெட்டவெளிச்சமானது. இன்றைய விமான ஜன்னல்கள் வளைந்த ஓரங்களோடு இருப்பதும், ஒவ்வொரு விமான உடலும் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கணக்கு வைக்கப்படுவதும் அந்தத் தொட்டியிலிருந்து வந்த பாடங்கள்.

787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களின் உடல் பெரும்பகுதி கரிம இழைக் கலவையால் ஆனது. அது அலுமினியத்தைப் போலக் களைப்பதில்லை. அதனால் அவற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டிவைக்க முடிகிறது. உள்ளே 6,000 அடிதான். நம் நீலகிரிக் கணக்கில் குன்னூர். டிக்கெட் எடுக்கும்போது விலையையும் நேரத்தையும் பார்க்கிறவர்கள், பயணி முதியவர் என்றால் எந்த வகை விமானம் என்பதையும் ஒரு கண் பார்ப்பது நல்லது.

ஊட்டி உயரம் என்பதால் என்ன ஆகிவிடப்போகிறது? ஆரோக்கியமானவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட, கோவிட் காலத்தில் எல்லா வீட்டுக்கும் வந்த அந்த விரல்நுனிக் கருவி, தரையில் 97 காட்டினால் 8,000 அடியில் நான்கைந்து புள்ளிகள் இறங்கிக் காட்டும். மூச்சு சற்று ஆழமாகும், நாடித் துடிப்பு கொஞ்சம் கூடும். மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பிறகு இனம்புரியாத ஓர் அயர்ச்சி வரும், தலை கனக்கும். ஆனால் தரையிலேயே 92, 93 என்று இருப்பவருக்கு, நுரையீரல் நோய் உள்ளவருக்கு, இரத்தசோகை கடுமையாக இருப்பவருக்கு, அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கு இந்தச் சரிவு வேறு பொருள் தரும். நான்கு தெரு நடந்தால் மூச்சு வாங்கும் தாத்தாவை, இருக்கையில் உட்கார்ந்துதானே போகிறார், என்ன ஆகும் என்று ஏற்றிவிடக் கூடாது. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. தேவைப்பட்டால் வழியெல்லாம் ஆக்சிஜன் கிடைக்க ஏற்பாடு செய்துகொண்டே பறக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். 8,000 அடி அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. எனவே குடலில் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் கேட்கிறது. சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பதும் வயிறு உப்புவதும் ஒரே விதியின்படிதான். கிளம்பும் இரவில் உறவினர்கள் வந்து நிற்க, சுண்டலும் உருளைக்கிழங்குக் கறியுமாக விருந்து வைப்பதைத் தவிர்க்கலாம். காதில் நடப்பதும் இதே கதை. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குறுகிய குழாய் ஏறும்போது தானாகத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். இறங்கும்போது அப்படித் திறக்காது, விழுங்கினால்தான் திறக்கும். இறங்கத் தொடங்கும் கடைசி அரை மணி நேரம் தூங்காமல் ஒரு மிட்டாயைச் சப்பிக்கொண்டிருப்பது அதற்காக. கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுக்கலாம். கடும் சளியோடு பறப்பவருக்குக் குழாய் வீங்கி அடைத்திருக்கும். வலி உயிரை எடுக்கும்.

சென்னையின் காற்றில் மூழ்கி வளர்ந்த உடம்புக்கு அடுத்த அதிர்ச்சி வறட்சி. மைனஸ் 54 டிகிரிக் காற்றில் ஈரம் ஏறத்தாழ இல்லவே இல்லை. அதைச் சூடாக்கி உள்ளே விட்டால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். சென்னையில் சாதாரண நாளிலேயே 70 சதவீதம் இருக்கும். மூக்கு எரிவதும் உதடு வெடிப்பதும் கண் உறுத்துவதும் இதனால்தான். தொண்டை வறள்வதை வைத்து உடம்பே வற்றிப்போகிறது என்று எண்ண வேண்டாம். தோலும் மூச்சும் இழக்கும் கூடுதல் நீர் அவ்வளவு அதிகமில்லை. உண்மையான ஆபத்து, வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பதில் இருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

விமானச் சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமையற்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜெர்மனியில் ஹோல்ட்ஸ்கிர்ஷன் என்ற ஊரில் உள்ள ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், பழைய ஏர்பஸ் ஒன்றின் முன்பகுதியை அழுத்த அறைக்குள் வைத்து, லுஃப்தான்சாவுக்காகச் சுவைச் சோதனைகள் நடத்தியது. குறைந்த அழுத்தத்திலும் வறண்ட காற்றிலும் உப்பை உணரும் திறன் 20 முதல் 30 சதவீதமும், இனிப்பை உணரும் திறன் 15 முதல் 20 சதவீதமும் மட்டுப்படுவதாகத் தெரிந்தது. மூக்கு வறண்டால் மணம் போய்விடும், மணம் போனால் சுவையில் பெரும்பகுதி போய்விடும். எஞ்சின் இரைச்சலுக்கும் இதில் பங்கு உண்டு. 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், விமானத்துக்குள் இருக்கும் அளவு இரைச்சலைக் காதில் ஒலிக்கவிட்டுச் சுவைக்கச் சொன்னபோது, இனிப்பு மங்கியது. தக்காளியிலும் காளானிலும் உள்ள உமாமி என்னும் சுவை மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. தரையில் தக்காளிச் சாற்றைத் தொடாதவர்கள்கூட வானில் கேட்டு வாங்கிக் குடிப்பதை விமான நிறுவனங்கள் வெகுநாளாகக் கவனித்திருந்தன. கைப்பையில் எடுத்துப்போன தக்காளித் தொக்கும் சப்பாத்தியும் மேலே எடுபடுவதற்கும், தயிர்சாதம் ருசிக்காமல் போவதற்கும் விளக்கம் இங்கே இருக்கிறது.

இனி, இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பகுதி. 1940ஆம் ஆண்டு லண்டன் மீது ஜெர்மன் குண்டுவீச்சு நடந்தபோது மக்கள் இரவெல்லாம் பதுங்கிடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் எழுந்து நடக்கத் தொடங்கியதும் சிலர் திடீரென்று விழுந்து இறந்தார்கள். குண்டு அவர்கள்மேல் விழவில்லை. பிணப் பரிசோதனை மருத்துவரான கீத் சிம்ப்சன் அந்த மரணங்களுக்குக் காரணம் நுரையீரல் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டி என்று கண்டு, அதே ஆண்டு லான்செட் இதழில் எழுதினார். சாய்வு நாற்காலியின் குறுக்குக் கட்டை தொடையின் அடியில் அழுத்த, காலிலிருந்து மேலேற வேண்டிய இரத்தம் இரவு முழுக்கத் தேங்கி உறைந்திருந்தது. 1954இல் ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் இதே நிலைக்கு ஆளானவரைப் பற்றி எழுதினார். பதுங்கிடமானாலும் விமானமானாலும் உட்கார்ந்திருந்த கால் ஒன்றுதான்.

காலின் சிரைகளில் இரத்தம் மேலே ஏறுவதற்கு இதயம் தரும் தள்ளுவிசை போதாது. நடக்கும்போது ஆடுசதை சுருங்கி, சிரையைப் பிழிந்து, இரத்தத்தை மேலே அனுப்புகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்ப இறங்காமல் தடுக்கின்றன. முழங்காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்தால் இந்தப் பம்பு நின்றுவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் 2007இல் வெளியிட்ட முடிவுப்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களிடையே அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் வரும். அதனால் யாரும் பயந்து பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் வயது, உடல்பருமன், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, புற்றுநோய், முன்பே ஒருமுறை கட்டி வந்திருப்பது ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. பேருந்திலோ ரயிலிலோ அசையாமல் உட்கார்ந்து போனாலும் கணக்கு மாறாது.

நம் வீட்டுப் பெரியவர்கள் விமானத்தில் எப்படி உட்கார்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். பக்கத்தில் அறிமுகமில்லாதவர் தூங்குகிறார். அவரை எழுப்பி வெளியே போவது மரியாதையில்லை என்று நினைத்து அம்மா எழுந்திருக்க மாட்டார். கழிவறைக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியாது, கேட்கக் கூச்சம். எனவே தண்ணீரே குடிப்பதில்லை. முழங்கால் வலிக்காகவும் குடியேற்ற வரிசையில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் தொல்லை இருக்கக் கூடாது என்பதற்காகவும் பிள்ளைகள் சக்கர நாற்காலி பதிவுசெய்திருப்பார்கள். ஆக, விமானம் மாறும் இடத்திலும் நடை கிடையாது. வீட்டு வாசலிலிருந்து மகளின் வாசல்வரை அந்தக் கால்கள் ஒரு நாள் முழுக்க ஏறக்குறைய அசையவே இல்லை. நல்ல மனதோடு செய்யப்படும் ஏற்பாடுகளே ஆபத்தைச் சேர்த்துவைக்கின்றன. எனக்கு இது பெரிய வருத்தம், ஏனென்றால் தடுப்பது அவ்வளவு எளிது. நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். எழுந்து போவது குற்றமல்ல, பக்கத்தில் இருப்பவரும் எழுவார் என்று அப்பா அம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். கழிவறைக் கதவின் படத்தைக் காட்டிக்கொடுங்கள். மணிக்கொருமுறை எழுந்து நடப்பது, உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலையும் கால்விரலையும் மாறிமாறி உயர்த்தி இறக்குவது, அவ்வப்போது தண்ணீர். தூக்க மாத்திரை வேண்டாம். அது கொடுக்கும் தூக்கத்தில் கால் அசையாது. அழுத்தம் தரும் காலுறை யாருக்குத் தேவை, இரத்தம் உறையாமலிருக்க மருந்து யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த சில வாரங்களுக்குள் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால், நீண்டநேரம் உட்கார்ந்ததால் வந்த சாதாரண வீக்கம் என்று ஒதுக்கக் கூடாது. மூச்சு திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லண்டனில் விமானம் மாறி அட்லாண்டிக்கைக் கடக்கும்போது எதிர்க்காற்று வரும். ஏறத்தாழ விமானம் பறக்கும் உயரத்திலேயே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் அந்தக் காற்றோட்டத்தை 1920களில் ஜப்பானில் வாசாபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர் பலூன்களை விட்டு அளந்தார். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எஸ்பராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார், உலகம் படிக்கவில்லை. 1944இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பான் மேலே அந்தக் காற்றில் தடுமாறிய பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 2020 பிப்ரவரியில், புயலோடு சேர்ந்து வலுத்த இதே காற்று, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 747ஐ 4 மணி 56 நிமிடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. மேற்கே போகிறவருக்கு இதே காற்று முகத்தில் அடிக்கிறது. இருக்கையில் ஒரு மணி நேரம் கூடுகிறது.

சிகாகோவில் இறங்கும்போது உடம்பு இறங்கிவிட்டது, உடம்புக்குள் இருக்கும் நேரம் இறங்கவில்லை. மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட இரு சிறு திரள்கள் இருக்கின்றன. தூக்கம், உடல் வெப்பம், சுரப்பிகள், பசி எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பவை அவை. இந்த உள்நேரத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் மதுரைக்கு ஓர் உயர்ந்த இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் இந்தியாவின் உயிர்க்கடிகார ஆய்வுக்கு அடித்தளம் இட்டார். அவரும் மாணவர்களும் மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில், பகலும் இரவும் ஒன்றாக இருட்டிக் கிடக்கும் இடத்தில், வௌவால்களைக் கூண்டில் வைத்துக் கவனித்தார்கள். கூட்டம் வசிக்கும் குகையில் இருந்த வௌவால், சூரியனைப் பார்க்காமலேயே, மற்றவை இரைதேடக் கிளம்பும் நேரத்தில் தானும் கூண்டுக்குள் சிறகடித்தது. கூட்டமில்லாத குகையில் தனித்து விடப்பட்டதோ தன் சொந்த நேரப்படி நகர்ந்து, வெளியுலக மாலையோடு தொடர்பை இழந்தது. பின்னர் சூரியனும் கடிகாரமும் எட்டாத தனியறை ஒன்றைப் பல்கலைக்கழக வளாகத்தில் அமைத்து, தாமாக முன்வந்த மனிதர்களையும் அதில் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். பிரெஞ்சுக்காரரான மிஷேல் சிஃபர் 1962இல் ஆல்ப்ஸ் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனித்திருந்துவிட்டு செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தபோது, அன்றைக்கு ஆகஸ்ட் 20 என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தனித்துவிட்டால் மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடத்தில் ஒரு நாளை முடிக்கிறது. நாள்தோறும் அதைத் திருத்திவைப்பது வெளிச்சம். உருவங்களைப் பார்ப்பதற்கென்றே அமைந்த செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் அறிந்து அந்தத் திரள்களுக்குச் செய்தி அனுப்பும் தனிவகைச் செல்கள் விழித்திரையில் இருப்பது 2002இல் தெரியவந்தது. இயல்பாகவே 24 மணிக்குச் சற்று மேல் ஓடும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது எளிது, முன்னால் இழுப்பது கடினம். மேற்கே போகிறவரின் கடிகாரம் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வரை சரிசெய்துகொள்கிறது. கிழக்கே போகிறவருக்கு ஒரு மணி நேரம்தான்.

சிகாகோ குளிர்காலத்தில் நம்மைவிட 11½ மணி நேரம் பின்தங்கியது. கிளம்பிய நாள் 24 மணி நேரத்தோடு முடியாமல் 35½ மணி நேரம் நீள்கிறது. இன்சுலின் போடுகிறவரும், இத்தனை மணிக்கு ஒருமுறை என்று மாத்திரை எடுப்பவரும் அந்த நீண்ட நாளில் எத்தனை முறை, எப்போது என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தும் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல.

உடல் வெப்பம் மிகத் தாழ்ந்து, தூக்கம் மிக ஆழ்ந்திருக்கும் நேரம் விடிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள். நம் ஊர் விடிகாலை நாலு மணி என்பது அங்கே மாலை நாலரை. முதல் சில நாள்கள் மாலை ஆனதும் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகுவது சோம்பலல்ல, வயதுமல்ல. அதேபோல நடுநிசி தாண்டி இரண்டு மணிக்குப் பசியோடு விழிப்பதும் இயற்கை. ஊரில் அப்போது மதியச் சாப்பாட்டு வேளை. அந்த வெப்பத்தாழ்வுக்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், அதற்குப் பின்னால் படும் வெளிச்சம் முன்னால் இழுக்கும். சிகாகோவுக்குப் போனவருக்கு வேண்டியது பின்னால் தள்ளுவது. எனவே முதல் நாள்களில் காலையிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளியே, குளிருக்குப் போர்த்திக்கொண்டாவது, வெளிச்சத்தில் இருப்பது நல்லது. கோடையில் அங்கே இரவு எட்டு மணிக்கும் வெயில் இருக்கும். அந்த மாலை வெயில் எதிர்த்திசையில் இழுக்கக்கூடியது, முதல் சில நாள்கள் மாலையில் திரையை இழுத்துவிடலாம். கல்லீரலும் குடலும் தங்கள் நேரத்தைப் பெரிதும் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இரண்டு மணிப் பசிக்கு ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டு, அந்த ஊர்க் காலை உணவைக் காலையிலேயே சாப்பிடுவது அவற்றைச் சீக்கிரம் வழிக்குக் கொண்டுவரும். மூளை, குடல், கல்லீரல் மூன்றும் வெவ்வேறு வேகத்தில் திரும்புவதால்தான் தூக்கம் சரியான பின்னும் வயிறு சில நாள் முரண்டுபிடிக்கிறது. மொத்தம் ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம்.

இதைப் படிக்கிறவர் அம்மாவை அழைத்திருக்கும் மகளானால் ஒரு வேண்டுகோள். பிரசவத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக அம்மா வந்து இறங்கும்படி டிக்கெட் போடாதீர்கள். இரண்டு வாரம் விடுங்கள். குழந்தை முந்திக்கொண்டால், முதல் வாரத்தில் மாலை மூன்றரையிலிருந்து ஆறு மணிவரை அம்மாவின் மூளையில் விடிகாலை இருட்டு நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் கையில் குழந்தையைத் தனியே கொடுத்துவிட்டு நகராதீர்கள், அடுப்பையும் ஒப்படைக்காதீர்கள். எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டுவதைக் காலை ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவருக்கு ஊர் நேரப்படி இரவு எட்டரை, நன்றாக விழித்திருப்பார்.